மூன்றாம் ஓலை

பெல்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. அது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று ஊர் இன்னும் முடிவுக்கு வரவில்லை. தன்னைப் பற்றி யாராவது எங்கேயாவது ஏதாவது சொன்னதாகக் காதில் விழுந்தால், அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்த மாட்டாள். நேரே அந்த வீட்டு வாசலுக்குப் போய், "என்னையப் பத்தி என்ன சொன்னீக?" என்று கேட்பாள். சண்டை போடுவதற்காக இல்லை. பதிலைக் கேட்டுக்கொண்டு பேசாமல் திரும்பி வந்துவிடுவாள். பதில் சொன்னவர்களுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்காது.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது, வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஏதோ எழுதிவிட்டார். இவள் தலைமை சிஸ்டரிடம் போய், அதைக் காட்டுங்கள் என்று நின்றாள். 'பேச்சு அதிகம்' என்று எழுதியிருந்தது. பார்த்துவிட்டு, எழுதியது சரிதான் என்று ஒப்புக்கொண்டாளாம். சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொல்வார்கள்.

சாக்கோட்டைக்கு அங்குட்டு, கண்மாயை ஒட்டிய ஊர். பாதி ஊர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். கோயில் செபஸ்தியாருடையது என்பதால் தெருவுக்கு நாலு செபஸ்தியம்மாள் உண்டு. பெல்சியின் அம்மாவும் அதில் ஒருத்தி. அப்பா இஞ்ஞாசிமுத்துவுக்குக் கொஞ்சம் நிலமும், கொஞ்சம் பேச்சும் மட்டும்தான். அவர் வாழ்க்கையில் துணிந்து செய்த ஒரே காரியம், மகளுக்கு ஊரில் யாருக்கும் இல்லாத பேரை வைத்தது. மற்ற துணிச்சலையெல்லாம் மகளே எடுத்துக்கொண்டாள்.

தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, காரைக்குடியில் நாச்சியப்பன் நடத்திய இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். புதிதாக வரும் பெண்கள் எழுத்தைத் தேடி மெஷின் கட்டைகளைக் குனிந்து பார்ப்பார்கள். பெல்சி அவர்கள் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, எதிரே இருக்கும் தாளைப் பார்க்க வைப்பாள். கண்ணு தாளில் இருந்தால் போதும், விரல் தன்னால் போகும் என்பாள். அவள் அடித்தால் கூடை கூடையாகப் புளியங்கொட்டை கொட்டுவது போலச் சத்தம் கேட்கும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அருண் ஜோசப், கண்டரமாணிக்கத்துப் பக்கம், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. பெரியவர்களும் கை நனைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஓலை வாசிப்பதுதான்.

ஓலை என்றால் வேறொன்றுமில்லை. வேதக்காரர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று சாமியார் எல்லாரும் கேட்க வாசிப்பார். இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றும் சேர்த்து வாசிப்பார். வாசித்த ஓலையைக் கோயில் கதவுக்குப் பக்கத்தில் உள்ள பலகையில் குத்தியும் வைப்பார்கள். தடை என்றால் ஏற்கெனவே தாலி கட்டியவன், முறை தவறியவன் என்ற மாதிரி. நம் ஜனங்களுக்குச் சொல்லக் கடமை என்று சொல்லிவிட்டால் போதும், தடைக்கு எல்லை ஏது? பையனுக்குக் குறட்டை உண்டு என்றுகூடப் போய்ச் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

பெல்சியின் முதல் ஓலை வாசித்தாயிற்று, இரண்டாவதும் வாசித்தாயிற்று. அந்த இரண்டாவது ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் இஞ்ஞாசிமுத்துவைத் தனியாக அழைத்தார். அவர் திரும்பி வந்து, மூணாவது ஓலையைச் சாமி நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. பெல்சி செருப்பை மாட்டிக்கொண்டு சாமியார் பங்களாவுக்கு நடந்தாள்.

சாமியார் நல்ல மனுஷர், ஆனால் சங்கடத்துக்குப் பயந்தவர். அப்பாவை வரச் சொல் என்றார். அப்பாவிடம் சொன்னதை என்னிடமும் சொல்லலாமே என்றாள் இவள். ஓலைக்குப் பிறகு ஜனங்கள் வந்து சொல்வதெல்லாம் குருவானவரை நம்பிச் சொல்வது, சொன்னது யார் என்று வெளியே விடக்கூடாது என்று அவர் விளக்கினார்.

"யார் சொன்னாகன்னு நான் கேக்கலை சாமி. என்ன சொன்னாகன்னு சொல்லுங்க. அது என்னையப் பத்துனது."

சாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார். பிறகு, அவளுக்குப் பெருவியாதி இருப்பதாகவும், கவர்மெண்டு லிஸ்டில் அவள் பேர் இருப்பதாகவும் சொல்கிறார்கள் என்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

விஷயம் கசிந்தது இப்படித்தான். தொழுநோயை ஒழிக்கிறோம் என்று அந்த மாதம் வீடு வீடாகத் தோல் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கையில், முன்பு மருந்தைப் பாதியில் விட்டவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. ரகசியப் பட்டியல்தான். அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு அவர்கள் நேரே டீக்கடைக்குப் போய், இஞ்ஞாசிமுத்து மகள் பெல்சி வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். எதற்கு என்று கடைக்காரர் கேட்க, பழைய கேஸ் என்றிருக்கிறார்கள். அப்போது பெல்சி காரைக்குடியில் மெஷின் முன்னால் இருந்தாள், அம்மா வயலில் இருந்தாள். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் போகவில்லை.

பெல்சிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பத்து விரலையும் சாமியார் முன்னால் விரித்துக் காட்டினாள். இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் ஹையர் பாஸ் செய்தேன் என்றாள். தனக்கும் நம்பிக்கை இல்லைதான் என்றார் சாமியார். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கும் சேதி போய்விட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வியாதி இல்லை என்று அந்த ஆபீஸிலிருந்தே ஒரு காகிதம் வந்தால் மூன்றாவது ஓலையை வாசித்துவிடலாம். இல்லாவிட்டால் சாம்பல் புதனோடு நாற்பது நாள் தவசு காலம் தொடங்கிவிடும், அதில் கல்யாணம் நடக்காது. பாஸ்கா, அதாவது ஈஸ்டர் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கல்யாணப் பேச்சில் ஒருத்தர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது பெல்சிக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது, செபஸ்தியம்மாள் சிரிக்கவில்லை. இது என்ன அநியாயம் என்று கத்தவும் இல்லை. அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, "கதவைச் சாத்துடி" என்றாள். பெல்சி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தாள்.

பெல்சிக்குப் பதினாலு வயதில் இடது மணிக்கட்டுக்கு மேலே காசளவு ஒரு வெளுப்பு வந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தோல் பார்க்க வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் அவள் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். அது பெல்சிக்கும் ஞாபகம் இருந்தது. விளையாட்டு என்று நினைத்திருந்தாள். வெளுப்பின் மேல் தொட்டபோது அவள் கை நகரவே இல்லை என்று அம்மா இப்போதுதான் சொன்னாள். மாதம் ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து கண்ணெதிரே சிவப்பு மாத்திரையை விழுங்க வைப்பார். அன்றைக்கெல்லாம் மூத்திரம் சிவப்பாகப் போகும். தினமும் தின்ன வெள்ளை மாத்திரை தனியாக உண்டு. எதற்கு என்று கேட்ட மகளிடம் தேமலுக்கு என்றாள் அம்மா. கேட்ட ஊராரிடம் ரத்தம் பத்தவில்லை என்றாள். அந்த வருஷமே வெளுப்பு மறைந்துவிட்டது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பெல்சி கேட்டாள். "சொன்னா நீ நாலு பேருகிட்டப் போயிக் கேப்ப. ஒன் வாயி அப்புடி" என்றாள் அம்மா. அதோடு அழ ஆரம்பித்துவிட்டாள்.

பெல்சிக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வியாதி வந்ததற்குக்கூட இல்லை. கொசு கடித்துக் காய்ச்சல் வருவது மாதிரி அதுவும் ஒன்று என்று விட்டுவிடலாம். தன் கை, தன் தோல், தான் விழுங்கிய மாத்திரை. அது அம்மாவுக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியும், ஏதோ ஓர் ஆபீஸ் அலமாரிக்குத் தெரியும், இப்போது டீக்கடைக்கும் தெரியும். அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள், அந்த அலமாரியில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ அதைத் தன் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று.

மறுநாள் குடியரசு தினம், ஆபீஸெல்லாம் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துப் பூட்டிவிடும். அந்த நாளை அவள் வீணாக்கவில்லை. நாச்சியப்பனிடம் சாவியை வாங்கி இன்ஸ்டிட்யூட்டைத் திறந்து, கார்பன் வைத்து ஒரு மனு அடித்தாள். என் பெயரில் தங்கள் அலுவலகத்தில் உள்ள பதிவை நான் பார்க்கவும் நகல் பெறவும் அனுமதிக்க வேண்டும் என்று நாலே வரி. விஷயம் தெரிந்த நாச்சியப்பன் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. போன வருஷம் சென்னையில் தகவல் கேட்கிற சட்டம் ஒன்று கொண்டுவந்திருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன், அதையும் ஒரு வரி போட்டுவை ஆத்தா, கேட்டு வைப்போம் என்றார். லீவையும் அவரே கொடுத்துவிட்டார்.

பட்டியலை வைத்திருந்த சுகாதார அலுவலகத்துக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு பஸ் பிடித்துப் போக வேண்டும்; செவ்வாய்க்கிழமை காலையிலேயே போய்விட்டாள். பழைய ஓட்டுக் கட்டடம், வாசலில் வேப்பமரம், உள்ளே ஒரு கிளார்க். அவர் தலை நிமிராமல் பேசுவதில் கைதேர்ந்தவர். டாக்டரம்மா முகாமுக்குப் போயிருக்கிறார் என்றார். மனுவை வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் தலை நிமிர்ந்தது.

இது ரகசியப் பதிவேடு, நோயாளிகள் பேரை வெளியே காட்டக்கூடாது என்றார். வெளியே யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்கு மட்டும் காட்டினால் போதும் என்றாள் பெல்சி. நோயாளி என்றால் அடையாள அட்டை இருக்குமே, அது எங்கே என்றார். அட்டை இல்லை, அப்போது எனக்குப் பதினாலு வயது, அம்மா எங்கேயோ போட்டுவிட்டார்கள் என்றாள். அப்படியென்றால் நீ நோயாளி என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். ஆதாரம் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்றாள். அதை நோயாளிக்குத்தான் எடுக்க முடியும் என்றார் அவர். செக்குமாடு சுற்றின தடத்திலேயே சுற்றியது பேச்சு.

சட்டம் என்று அவள் சொன்னதும் கிளார்க்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்னையில் ஆயிரம் சட்டம் போடுவார்கள், எங்களுக்குச் சுற்றறிக்கை வரவில்லை, தேர்தல் வேலை வேறு தலைக்கு மேலே கிடக்கிறது என்றார். சரி, மனுவை வாங்கிக்கொண்டதற்குக் கார்பன் பிரதியில் ஒரு முத்திரை வைத்துக் கொடுங்கள் என்றாள். அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார். கவுண்டரை விட்டு அவள் நகரவே இல்லை. பின்னால் வந்தவர்கள் பக்கவாட்டில் கையை நீட்டிக் காகிதம் வாங்கிப் போனார்கள். சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போது, டாக்டரம்மா எப்போது வருவார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் படியிறங்கினாள்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அருண் ஜோசப் காத்துக்கொண்டிருந்தான். நாச்சியப்பனிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தான். நல்ல பையன்; முகம் வாடிக்கிடந்தது. தனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, மதுரையில் நண்பன் இருக்கிறான், இரண்டு பேரும் போய் ரிஜிஸ்தர் ஆபீஸில் எழுதிக் கல்யாணத்தை முடித்துக்கொள்ளலாம், அம்மா நாள்பட்டுச் சமாதானம் ஆகிவிடுவார் என்று மூச்சு விடாமல் சொன்னான். அவன் கேட்டதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தலையாட்டிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"நாளைக்கு எம் பிள்ளைக்கு ஒரு தேமல் வந்தாலும் ஊரு அதைத்தான் பேசும். ஒளிஞ்சு கட்டுன தாலி அதுக்குச் சாட்சியாப் போயிரும். எனக்கு அந்த ஆபீஸ்ல இருக்க பதிவு வேணும்" என்றாள் அவள்.

அப்படியென்றால் நானும் கூட வரட்டுமா என்றான் அவன். வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அது போதும் என்றாள். பஸ் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்திருந்தார். பெல்சி ஆபீஸ் திறக்கும் முன்பே வேப்பமரத்தடியில் நின்றதால், கிளார்க் அவளைத் தாண்டித்தான் உள்ளே போக முடிந்தது. நடுத்தர வயது டாக்டரம்மா, முகாமில் அலைந்து கறுத்திருந்தார். மனுவைப் படித்துவிட்டு, இங்கே வருகிறவர்கள் எல்லாம் பேரை அடிக்கச் சொல்லித்தான் வருவார்கள், நீ எதற்குப் பார்க்க வேண்டும் என்கிறாய் என்று கேட்டார்.

"அடிக்கிறதா வேணாமான்னு பார்த்தாத்தான தெரியும் டாக்டரம்மா. டீக்கடையில உக்காந்திருக்கவுகளுக்குத் தெரியிற ரகசியம் எனக்கு மட்டும் தெரியக்கூடாதா?"

டாக்டரம்மா டீக்கடைக் கதையை முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. கிளார்க்கைக் கூப்பிட்டு, அலமாரியிலிருந்து அந்த ஊர் அட்டைகளின் கட்டை எடுக்கச் சொன்னார். கிளார்க் சாவியைத் தேடுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்க முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்தார். கடைசியில் பழுப்பேறிய அட்டை ஒன்று மேஜைக்கு வந்தது.

அதில் பெல்சி இருந்தாள். பேர், அப்பா பேர், வயது பதினாலு, இடது கையின் படம் போட்டு மணிக்கட்டுக்கு மேலே பேனாவால் ஒரு சிறு வட்டம். கீழே ஆறு கட்டங்கள். மாதம் ஒன்றாக ஐந்து கட்டங்களில் தேதியும் இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் இருந்தன. ஆறாவது கட்டத்தில் கையெழுத்து இல்லை. 'நேரில் சென்றபோது ஊரில் இல்லை. தாயாருடன் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருப்பதாக அண்டை வீட்டார் தகவல்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வேறொரு பேனாவில், 'ஹாஸ்டலில் படிப்பு. பார்க்க இயலவில்லை'. அதற்குக் கீழே, 'சிகிச்சை விடுபட்டவர்'. அதன் பிறகு பத்து வருஷமாக யாரும் எதுவும் எழுதவில்லை.

பெல்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நடை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆவணி வெயில், காவிச் சேலை கட்டிய கூட்டம், தார் ரோடு, உள்ளங்காலில் கொப்புளம். அவள் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அம்மா வழியெல்லாம் செபமாலை சொல்லிக்கொண்டே வந்தாள். மகள் கையில் இருக்கும் வெளுப்பை மாதா எடுத்துவிட வேண்டும் என்றுதான் அந்த நடை. அதற்காக நடந்துதான் கடைசி மாத்திரையைத் தவறவிட்டார்கள். திரும்பி வந்தபோது வெளுப்பு மங்கியிருந்தது. மாதா எடுத்துவிட்டாள், இனி எதற்கு மாத்திரை என்று அம்மா விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா அவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து முழுக்கப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். மணிக்கட்டு, முழங்கை, காது மடல், பாதம். எங்கே தொட்டாலும் பெல்சியின் விரல் அங்கே போய் நின்றது. முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்தார், கையை மடக்கி நீட்டச் சொன்னார். டைப் அடிப்பேன் என்று அவள் சொன்னபோது, அதுதான் தெரிகிறதே என்றார். இவளுக்கு வந்தது யாருக்கும் ஒட்டாத வகை, தின்ற மருந்திலேயே போய்விட்டது, ஓர் ஆள் வந்து ஒருமுறை பார்த்திருந்தால் அன்றைக்கே பேரை எடுத்திருப்பார்கள் என்றும் சொன்னார். பெல்சி அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் அழுதது அப்போது மட்டும்தான்.

நகல் வேண்டும் என்றாள். அதற்கு மட்டும் கிளார்க் விடவில்லை. பதிவேட்டு அட்டை ஆபீஸை விட்டு வெளியே போகக்கூடாது, இங்கே ஜெராக்ஸ் மெஷினும் கிடையாது, நகல் கொடுக்க விதியும் கிடையாது என்றார். விதி இல்லை என்பது உண்மைதான் என்று டாக்டரம்மாவும் தயங்கினார். அட்டையை இன்னொரு முறை பார்க்கலாமா என்று பெல்சி கேட்டாள். பார்த்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. பிறகு, இதோ வருகிறேன் என்று வெளியே போனாள்.

எதிர்ச் சாரியில் தாலுகா ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கும் ஆள் ஒருத்தர் குடையடியில் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். அவரை எழுப்பி, இவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு கார்பன் வைத்தாள். எதிரே தாள் எதுவும் இல்லை; சுவரைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். ஆறு கட்டமும் வந்தது, வேளாங்கண்ணியும் வந்தது, ஹாஸ்டலும் வந்தது. தனக்கு நல்லதில்லாத 'சிகிச்சை விடுபட்டவர்' என்பதையும் அவள் விடவில்லை.

அதைக் கொண்டுபோய் டாக்டரம்மா முன்னால் வைத்து, உங்கள் அட்டை உங்களிடமே இருக்கட்டும், இது அதேபடி இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்து எழுதிக் கொடுங்கள் என்றாள். டாக்டரம்மா ஒரு விரலை அட்டையிலும் ஒரு விரலைத் தாளிலும் வைத்து வரி வரியாக இறங்கினார். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை எடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது, இன்றைய பரிசோதனையில் நோய் அறிகுறி எதுவும் இல்லை, பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்று மூன்று தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிளார்க் முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, ஒரு பெருமூச்சோடு வைத்தார். பழைய மனுவின் கார்பன் பிரதியையும் பெல்சி நீட்டினாள். அதிலும் ஒன்று வைத்துவிட்டார்.

வீட்டில் அந்தத் தாளை அவள் வாசித்தாள். ஆறாவது கட்டத்துக்கு வந்ததும் செபஸ்தியம்மாள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். உனக்காகத்தானே நடந்தேன், நானே உன் பேரைக் கெடுத்துவிட்டேனே என்று கதறினாள். அந்த வாரமெல்லாம் அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று பெல்சி நெஞ்சில் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எத்தனையோ. ஒன்றையும் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, என் பையையும் நீங்கதானம்மா சுமந்தீக என்றாள். இஞ்ஞாசிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

சாமியாருக்கு அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் உயிர் வந்தது. நாளைக்கே மூன்றாவது ஓலையை வாசித்துவிடலாம் என்றார். இதையும் சேர்த்து வாசிப்பீர்களா என்று பெல்சி கேட்டாள். அதெல்லாம் எதற்கம்மா, மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், மற்றபடி இது ரகசியமாகவே இருக்கட்டும் என்றார் அவர். பெல்சி தோத்திரம் சாமி என்று ஒரு கும்பிடு மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அவள் வாதாடாமல் போனதைக் கண்டு சாமியார் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். ஆண்கள் பக்கம் அருண் ஜோசப் இருந்தான். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் அவன் அம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ற இடம் வந்தது. பெல்சி எழுந்தாள். பக்கத்தில் இருந்த அம்மா அவள் சேலையைப் பிடித்தாள், பிறகு தானே விட்டுவிட்டாள்.

"தடை சொல்ல எந்திரிக்கலை சாமி. என்னையப் பத்தி நாலு பேரு நாலு விதமாப் பேசுறாக, அத நானே சொல்லிர்றேன். பதினாலு வயசுல எனக்குத் தொழுநோய் வந்துச்சு. மாத்திரை தின்னேன், போயிருச்சு. டாக்டரம்மா பாத்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காக. ஓலைக்குப் பக்கத்துல குத்தி வைக்கிறேன், படிச்சுக்கங்க. படிக்கத் தெரியாதவுக எங்கிட்ட வாங்க, வாசிச்சுக் காட்டுறேன்."

சாமியார் கையில் ஓலையோடு நின்றார். பிறகு, "நல்லதும்மா, உக்காரு" என்று சொல்லி விசுவாசப் பிரமாணச் செபத்தைத் தொடங்கினார்.

பூசை முடிந்ததும் அவள் தாளைப் பலகையில் குத்தினாள். கொஞ்ச நேரம் யாரும் கிட்டே வரவில்லை. அப்புறம் ஒருத்தர் வந்தார், அவர் தோளுக்கு மேலே இன்னொருத்தர் எட்டிப் பார்த்தார், பிறகு நெரிசலாகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே அருண் ஜோசப்பின் அம்மா வந்து பெல்சியின் இடது கையைப் பிடித்தார். வளையல்களை மேலே தள்ளினார். "எந்த எடம்?" என்று கேட்டார். பெல்சி காட்டினாள். அவர் அந்த இடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தார். கைதான் இருந்தது, வேறொன்றும் இல்லை.

"இத மொதல்லயே எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"எனக்கே போன ஞாயித்துக்கிழமதான் அத்தை தெரியும்" என்றாள் பெல்சி.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ பெண்களைப் பெண் பார்த்த மனுஷி, இந்த மாதிரி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. வளையல்களைக் கீழே இறக்கிவிட்டார். கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, வாசல்படி வரைக்கும் அவளோடு நடந்தார். சாம்பல் புதனுக்கு முன்னாலேயே கல்யாணம் முடிந்தது.

மறுவருஷம் பிள்ளைப்பேற்றுக்குப் பெல்சி தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது, தோல் பார்க்கிறவர்கள் அடுத்த சுற்று வந்தார்கள். பட்டியலோடு டீக்கடைப் பக்கம் திரும்பிய ஒரு பையனை, நிறைமாத வயிற்றோடு அவள் ரோட்டிலேயே மறித்தாள். பட்டியலைக் காட்டச் சொன்னாள். ரகசியம்க்கா, யாருக்கும் காட்டக்கூடாது என்றான். என் பேர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று கையை நீட்டினாள், நீட்டியபடியே நின்றாள். அவன் கொடுத்துவிட்டான். அவள் இன்னொரு கையைத் தாளின் மேல் விரித்து மற்றவர்களின் பேரை மூடிக்கொண்டு, தன் வீட்டு எண் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் பார்த்தாள். அவள் பேர் இல்லை. தாளை மடித்து அவன் சட்டைப்பையில் வைத்து, யார் வீடு வேண்டுமானாலும் கதவு எண்ணைச் சொல்லு தம்பி, நானே கூட்டிப்போகிறேன், கடையில் நின்று பேர் சொல்லிக் கேட்காதே என்று சொல்லிவிட்டு அவனுக்கு முன்னால் நடந்தாள்.